கத்தாத டிரைவிங் ஸ்கூல்

அம்மா,

இன்று சாயங்காலம் சித்தி காரின் டிக்கியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது உன் தலையணை அவள் கைக்குக் கிடைத்துவிட்டது. டிரைவர் சீட்டில் போட்டு உட்காருவதற்காக நீயே தைத்தாயே, இலவம்பஞ்சு அடைத்து, பச்சைத் துண்டில் உறை போட்டு, அந்தத் தலையணை. "இது யாருதும்மா? நல்ல ஒசரமா கீதே. நாளைக்கு நான் போட்டுக்கட்டுமா?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இப்போது அது என் மடியில் இருக்கிறது. அதன்மேல்தான் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். வெயிலில் நின்ற காரின் வாசனை வருகிறது, கொஞ்சம் பெட்ரோல் வாசனை வருகிறது. உன் வாசனை இல்லை. மூலை மூலையாக முகர்ந்து பார்த்துவிட்டேன்.

கதவுக்கு அடியில் வெளிச்சம் போகாமல் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். சித்தி எழுந்து வந்தால் என்ன எழுதுகிறாய் என்று கேட்பாள். பார்த்தாலும் படிக்க முடியாது. அவளும் நைனாவும் தெலுங்கு மீடியம். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது தெலுங்கு, சித்தூரில் பாதி வீடு அப்படித்தான். நீ மட்டும் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத எழுத்தை அடுப்படியில் எனக்குச் சொல்லித்தந்தாய். இந்த வீட்டில் உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று இது மட்டும்தான் மிச்சம். நீ போன பிறகு நைனா கட்டிக்கொண்டு வந்த சித்தியிடம் நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுகிறேன். உன்னிடம் சொல்லும்போது அவள் என்றே வருகிறது.

நாளைக்கு அவள் நம் காரை முதல் தடவையாக ஓட்டப்போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்காவது இடித்துவிடுவாளோ என்ற பயம் இல்லை. நன்றாக ஓட்டிவிடுவாளோ என்றுதான்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் முதல் மழை பெய்த அன்று எனக்கு இளைப்பு வந்தது. நான் வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப்பில் மருந்து தீர்ந்திருந்தது. நைனா டேங்கரில் பால் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போயிருந்தார். சித்தி என்னை வாசற்படியில் உட்காரவைத்து, ஒரு கையால் முதுகைத் தேய்த்துக்கொண்டே தெரிந்த ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். மழையில் யாரும் வரவில்லை. எங்களுக்கு முன்னால் நம் கார் நனைந்துகொண்டு நின்றது. கடைசியில் எதிர்வீட்டு மாமா பைக்கை எடுத்தார். நான் நடுவில் உட்கார்ந்தேன். பின்னால் சித்தி எனக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்துகொண்டு வந்தாள்.

நைனா திரும்பி வந்ததும் அவள் சோறுகூடப் போடவில்லை. "எனக்கு வண்டி கத்துக்கணும். பொண்ணு மூச்சு முட்டிக்கினு கீது, வாசல்ல கார் நிக்கிது, நான் அத்தப் பாத்துக்கினு நிக்கறேன். இன்னா பொழப்பு இது?" என்றாள்.

நைனா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நான் சொல்லித் தரமாட்டேன். நல்ல ஸ்கூலாப் பாத்து சேத்து விடறேன்," என்றார்.

நல்ல ஸ்கூல். அந்த வார்த்தை உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

லீவு நாட்களில் என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவர் ஸ்கூல் தேடினார். ஊரிலேயே பெரிய வண்டி ஓட்டுகிற மனிதர், டிரைவிங் ஸ்கூல் வாசல்களில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு எந்த ஸ்கூல் நல்லது என்று டீக்கடையில் விசாரித்தார், பங்க்கில் விசாரித்தார். முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்றைப் பார்த்தோம். அங்கே சொல்லித்தருகிற ஆள், கற்றுக்கொள்ள வந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனில் யாரிடமோ நிலத்தகராறு பேசிக்கொண்டிருந்தான். அடுத்ததில் இருந்தவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "பயம்லாம் ஒண்ணுமில்ல சார். ரெண்டு தபா அதட்டினா பூடும்," என்றார். நைனா ஸ்கூட்டரைத் திருப்பினார்.

எங்கே போனாலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான், அம்மா. வண்டி புதுசா, லைசென்சு வாங்கித் தருவீர்களா என்றெல்லாம் கேட்கவில்லை. "கத்துவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது ஸ்கூல் ஒரு டயர்க்கடை மாடியில் இருந்தது. அங்கே ஒரு மேடம், தெலுங்குக்காரர், டிபன் பாக்ஸில் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நைனா அதே கேள்வியைக் கேட்டார். அவர் மென்றதை விழுங்கிவிட்டு, "கத்தினா வண்டிக்குக் காது கேக்குமா?" என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். யார் கற்றுக்கொள்ளப் போவது, அவருக்கு எதைக் கண்டால் பயம் என்று மேடம் விசாரித்தார். தெரியாது என்றார் நைனா. அப்படியென்றால் வீட்டுக்குப் போய் அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவரும் போய்க் கேட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சித்திக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "உனக்கு இன்னா பயம், சொல்லு," என்று கேட்டார். சித்தி நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்தவள். கொஞ்சம் யோசித்து, "நின்ன எடத்துல ஓடற மிஷினுன்னா எனக்குப் பயமில்ல. இது போவுதே," என்றாள். நைனா சிரித்தார். நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

உன்னை யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்கு என்ன பயம் அம்மா? இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை.

உன் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கங்காதர நெல்லூரில் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும், வற்றிய ஏரிக்குள் காரை இறக்குவார் நைனா. நீ தலையணையைப் போட்டு உட்கார்ந்தாலும் ஸ்டியரிங்குக்கு மேல் உன் கொண்டை மட்டும்தான் எனக்குத் தெரியும். நைனா இடப்பக்கம் உட்கார்ந்து கத்துவார். கிளட்சு, கிளட்சு, காலு எங்க கீது, கண்ணு எங்க கீது என்று ஏரி முழுக்கக் கேட்கும். நீ முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாய். "வண்டிய நான் ஓட்டறேனா நீ ஓட்டறியா? வாயாலயே ஓட்டிக்கினு கீறியே," என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அவருக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கடைசி ஞாயிறு வண்டி நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு தடவை நின்றபோதும் அவர் குரல் ஏறியது. நீ பதறிப்போய் எதையோ மிதித்ததில் கார் முள்புதருக்குள் போய் நின்றது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் காதில் விழும்படி நைனா ஒரு வார்த்தை சொன்னார். உன் கை கதவைத் தேடியது. பிடி எங்கே இருக்கிறது என்றுகூட உனக்கு அப்போது தெரியவில்லை. நான் பின்சீட்டில் இருந்தேன். "நின்னா நிக்கட்டும்மா, மெதுவா எடு," என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. தொண்டைவரைக்கும் வந்தது. நைனா குரலுக்குப் பயந்து சொல்லவில்லை. நீ இறங்கினாய். தலையணையை எடுத்து இடுப்பில், குழந்தையைத் தூக்குவதுபோல, இடுக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தாய். "வர்ற ஜென்மத்துல ஓட்டிக்கறேன்," என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அதற்குப் பிறகு நீ அந்த சீட்டில் உட்காரவே இல்லை.

உனக்கு உடம்புக்கு வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டியிருந்தது. நைனா வீட்டில் இருந்தால் கார். நீ இடது சீட்டில் உட்கார்ந்து, எதிரில் லாரி வந்தால், இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே போவாய். அவர் டேங்கரில் போய்விட்டால் நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் போவோம். ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது உனக்கு வாந்தி வரும். நான் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொள்வேன். "வாசல்ல கார வெச்சிக்கினு ஜன்னல் சீட்டுக்குச் சண்ட போடறோம் பாரு," என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். அப்போது நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் இளைப்பு வருகிறது.

சித்தியின் கிளாசுக்கு என்னைப் பின்சீட்டில் வரச்சொன்னது அந்த மேடம்தான். பயப்படுகிறவர்கள் வீட்டிலிருந்து கத்தாத ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். நைனா, "என்னைக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டார். நான் சந்தோஷமாகப் போனேன். அவளுக்கு வராமல் போவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று போனேன். எனக்காகத்தான் கற்றுக்கொள்கிறாள் என்று தெரியும். தெரிந்தே தினமும் வேண்டிக்கொண்டேன், இவளுக்கு வரக்கூடாது என்று.

அந்த மேடம் கத்தவே இல்லை, அம்மா. ஸ்கூல் காரில் அவர் பக்கத்திலும் ஒரு கிளட்சும் பிரேக்கும் உண்டு. வண்டி நேராகப் போக ஆரம்பித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடித்து சீட்டின்மேல் வைத்துக்கொள்வார். இப்போது ஓட்டுவது நீதான், நான் இல்லை என்று சித்திக்குத் தெரிவதற்காக. வண்டி நின்றால், "பர்லேதம்மா," என்பார். பரவாயில்லை என்று தெலுங்கில் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சித்தி தட்டு முன்னால் உட்கார்ந்து, எங்கே நின்றது, எப்படி எடுத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். நைனா கேட்டுக்கொண்டே அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார். உன் ஞாயிறுகளில் நாம் பேசாமல் சாப்பிட்டோம். அந்தக் கரண்டியைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நேற்று மேடம் பாலத்து ஏற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாங்காய் சீசன். மாங்கூழ் ஃபாக்டரிக்குப் போகிற டிராக்டர்கள் பாலத்தில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பாதி ஏற்றத்தில் சித்திக்கு வண்டி நின்றுவிட்டது. பின்பக்கமாகக் கொஞ்சம் உருண்டது. மேடம் பிரேக்கை அமுக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். பின்னால் ஒரு டிராக்டர்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சித்தி இரண்டாவது தடவை எடுத்தாள், நின்றது. மூன்றாவது தடவையும் நின்றது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள்.

"எனக்கு வேணாம் மேடம். நா எறங்கிக்கறேன்."

அவள் கை கதவைத் தேடியது. உன் கை தேடியதுபோலவே, பிடி இருக்கும் இடம் தெரியாமல். இதற்காகத்தான் நான் இத்தனை நாள் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. மேடம் காலை மடித்துக்கொண்டு காத்திருந்தார். ஹாரன் நிற்கவில்லை. அப்போது ஒரு குரல் கேட்டது.

"நின்னா நிக்கட்டும். மெதுவா எடு."

என் குரல்தான் அது.

சித்தி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பி, கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள். வண்டி ஒரு தடவை உதறியது, பிறகு ஏறியது. பாலத்தின் உச்சிக்குப் போனதும் மேடம் என் பக்கம் திரும்பி, நல்ல பெண்ணைத்தான் கூட்டிவந்திருக்கிறாய் என்று சித்தியிடம் தெலுங்கில் சொன்னார். "என் பொண்ணு," என்றாள் சித்தி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அது உன்னுடையது, அம்மா. ஏரியில் சொல்ல முடியாமல் போனதிலிருந்து உனக்காகவே வைத்திருந்தேன். பஸ்ஸில் கவரைப் பிடித்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அது என்னிடம் இருந்தது. உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோதும் இருந்தது. கடைசியில் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். ராத்திரி குழம்புக் கதையில் அதையும் சேர்த்து அவள் நைனாவிடம் சொன்னாள். நைனா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த ஏரி ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

நாளைக்குக் காலையில் என்னை ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குத்தான் சித்தி காரை எடுக்கிறாள். நைனா வாசலில் நின்றுகொள்வாராம், உள்ளே ஏறமாட்டாராம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறார். உனக்கு அவர் எலுமிச்சம்பழம் வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சித்தியும் உன் உயரம்தான். வெறும் சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்கு பானெட் தெரியாது. அதனால் அவள் சமையலில் இருந்தபோது இரண்டு பெட்ஷீட்டை மடித்து டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு வந்தேன். உன் தலையணையைப் பக்கத்தில் வைத்து, அதே உயரம் வருகிறதா என்று பார்த்துத்தான் மடித்தேன். ஆனால் தலையணையைத் தரமாட்டேன். அவள் மறுபடி கேட்டாலும் தரமாட்டேன். சொல்ல வைத்திருந்ததைக் கொடுத்தாயிற்று, அது போதும்.

இது என்னிடமே இருக்கட்டும். பதினெட்டு ஆனதும் நானும் அந்த டயர்க்கடை மாடிக்குப் போவேன். உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நான் மளமளவென்று வளர்ந்துவிட்டேன், நைனா உயரம் வந்துவிட்டது. எனக்கு எதையும் போட்டு உட்கார வேண்டியதில்லை. இதைப் போட்டால் தலை மேலே முட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

முட்டட்டும்.