லட்சுமி கடாட்சத்துக்கு ஒரு நோட்டீஸ்

ஆரணி,
அக்டோபர் 12

செல்ல மகள் சந்தனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம், மனசளவில் உன் அப்பாவைத் தவிர. அங்கே நீ ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டாவது வயிறாரச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

போனில் சொன்னால் நீ அழுவாய், அப்பா பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பார், அதனால் எழுதுகிறேன். கடைப் பங்குதாரர் அருணகிரி, கடை பெயரில் பெங்களூரில் பதினெட்டு லட்சத்துக்குப் பட்டு நூலைக் கடனாக எடுத்து, வந்த விலைக்கு விற்று, மருமகன் கட்டுகிற கல்யாண மண்டபத்தில் கொட்டிவிட்டார். படவேட்டு அம்மனுக்கு வேண்டுதல் என்று போனவர் பதினோரு நாளாகத் திரும்பவில்லை. அவ்வளவு நீளமான வேண்டுதல் உலகத்திலேயே கிடையாது. நூல்காரர் நம் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா பெரிய மேதாவி மாதிரி, "தொழில்ல எனக்குப் பாதி, கடன்லயும் பாதிதாங்க, வாங்கிகினு போங்க" என்றார். அந்த மனிதர் காபியைக் குடித்துவிட்டுச் சிரித்தார். வக்கீல் தேவிப்ரியாவும் சிரித்தாள். பாதிக் கணக்கெல்லாம் பங்குதாரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வதாம். கடன் கொடுத்தவர் கையில் அகப்பட்டவரிடம் முழுசையும் கேட்கலாம், கடை போதாவிட்டால் வீடு வரைக்கும் வரலாம் என்றாள். காபி கொடுக்கிறவர் இருக்கும்போது ஓடினவரை எதற்குத் துரத்துவார்கள்?

இது எங்கள் தலையெழுத்து, போகட்டும். உன் விஷயம்தான் இப்போது அவசரம். உனக்கு ஒன்பது வயதில் கடைப் பத்திரம் எழுதியபோது அருணகிரி, "பொண்ணு பேரையும் போடுங்க, லட்சுமி கடாட்சம்" என்றார். அப்பாவும் பொட்டு வைக்கிற மாதிரி உன்னை மைனர் பங்காக எழுதி வைத்தார். நானும் பெருமையாகத் தெரு முழுக்க லட்டு கொடுத்தவள்தான். மைனராக இருந்தவரை கடன் உன் மேல் வராது. பதினெட்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று நோட்டீஸ் கொடுக்காவிட்டால் நீயும் பங்குதாரர், ஒன்பது வயதில் பேர் எழுதின நாளிலிருந்து கடைக்கு வந்த எல்லாக் கடனுக்கும் பொறுப்பு. எனக்குத் தெரியவே தெரியாது என்று நீ வாதாடலாமாம், நிரூபிப்பதற்குள் பேஜாராகிவிடும். நவம்பர் இருபதோடு கெடு முடிகிறது.

"பேரை எடுத்தா லட்சுமி போய்டும்டி" என்று அப்பா முனகினார். லட்சுமி எப்போதோ படவேட்டு பஸ் ஏறிவிட்டாள் என்றேன். எழுந்து போய் அவரே கூரியர் கவர் வாங்கி வந்தார். உன் விலாசத்தையும் அவர் கையாலேயே எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகாவீரர் அருளால் நீ நன்றாகப் படித்து, யாருக்கும் கடன்படாமல் நிமிர்ந்து வாழ வேண்டும். இதோடு வைத்திருக்கிற நோட்டீஸில் பென்சிலால் குறி வைத்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு மறுநாளே அனுப்பு. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று வீரம் பேசாதே. பத்திரமே இல்லாமல் இருபத்திரண்டு வருடமாக அவரோடு முழுப் பங்கில் நான் இருக்கிறேன், எனக்கு எந்த நோட்டீஸும் வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
ஜெ. கமலாவதி