புகை எழாத காலை

அன்பு மகள் குன்னெய்க்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எழுந்து நடமாடும்படியாக இருக்கிறோம், தாஷ்கந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். பனிமூட்டத்தால் இருபது நாளாக இங்கே விமானம் இறங்கவில்லை, அதனால் உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. புரோகோப்பி சித்தப்பா போய்விட்டதை மட்டும் தந்தியில் சொன்னோம், எப்படி என்று இரண்டு கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். அம்மா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான்தான் எழுத வேண்டும், ஏன் என்பது படித்தால் தெரியும்.

இந்த ஜனவரி போல் ஒரு ஜனவரியை நான் பார்த்ததில்லை. உறைநிலைக்குக் கீழே ஐம்பத்தெட்டு, அறுபது என்று மூன்று வாரம் குளிர் குறையவே இல்லை. பசுவின் மடிக்கு அம்மா முயல் தோலில் பை தைத்துக் கட்டினாள். கணப்பில் எவ்வளவு எரித்தாலும் கதவுப் பக்கத்துச் சுவரில் உள்பக்கமே பனி வெள்ளையாக ஏறியது. எல்லோருக்கும் விறகுக் கவலைதான். புத்தாண்டு விருந்தன்று சித்தப்பாவும் லுகேரியா சித்தியும் நம் வீட்டில் சாப்பிட்டார்கள். இலையுதிர் காலத்தில்தான் புது வீடு கட்டிக் குடிபோனார்கள், வாசல் முன்அறை இன்னும் முடியவில்லை, விறகும் பாதி அடுக்குதான் இருந்தது. அதனால் தணல் எரிந்துகொண்டிருக்கும்போதே புகைபோக்கியை அடைக்கிற தகட்டை மூடிவிடுகிறேன், சூடு விடிய விடிய நிற்கிறது என்று அவன் பெருமையாகச் சொன்னான். தணலின் மேல் ஆடுகிற நீலச் சுடர் அடங்குகிற வரை மூடாதே, விஷம் வீட்டுக்குள் இறங்கிவிடும் என்றேன். 'நான் என்ன பால்குடிப் புள்ளையா? ஒனக்குக் காட்டையே வெட்டி எரிச்சாலும் பத்தாது, நடுங்குறவனுக்குத்தான் அந்த பயமெல்லாம்' என்றான். எல்லோரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தாள். என் மூஞ்சி சுருங்கிப்போயிற்று. அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு வண்டி விறகைக் கொண்டுபோய் இறக்கவில்லை. வந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டு நாள் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் காலை வெளுக்கும்போது வெளியே வந்து பார்த்தேன். காற்றே இல்லை, ஒவ்வொரு வீட்டுப் புகையும் கழி நட்டது போல நேராக நின்றது. அவன் வீட்டில் மட்டும் புகை இல்லை. எனக்குத் திக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் உடனே போகவில்லை மகளே. குதிரைகளைப் பார்க்கப் போயிருப்பான், இல்லை தூங்குகிறான், நான் ஓடிப்போய் நின்றால் அண்ணன் நடுங்கிக்கிட்டு வந்துட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான் என்று நினைத்தேன். உள்ளே வந்து கணப்பில் விறகு போட்டேன், தேநீர் குடித்தேன், சாம்பல் வாரினேன், பசுவுக்கு வைக்கோல் போட்டேன். மறுபடி விறகு போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். அதற்குப் பிறகும் புகை வரவில்லை என்றுதான் போனேன்.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. லுகேரியா சித்தி தோல் கோட்டைப் போர்த்தபடி வாசற்படியில் குப்புறக் கிடந்தாள், உடம்பு உள்ளே, வலது கை மட்டும் வெளியே பனிமேல். மூச்சு இருந்தது. சித்தப்பா கட்டிலில் தூங்குகிறவன் மாதிரியே படுத்திருந்தான், கன்னம்கூடச் சிவப்பாக இருந்தது. நான் அவனை அதட்டி எழுப்பிப் பார்த்தேன். புகைபோக்கித் தகடு மூடியிருந்தது.

வைத்திய உதவியாள் தாரியா வந்து பார்த்துவிட்டு, 'ஒங்க தம்பி விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாருங்க, நீங்க பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது' என்று என்னைத் தேற்றினாள். அப்புறம் சித்தியின் கையைத் திருப்பிப் பார்த்து, 'இதத்தான் ஒரு மணி நேரம் முந்தி உள்ள இழுத்திருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்' என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது, சும்மா சொன்னாள். மூன்று விரலை எடுத்துவிட்டார்கள்.

குழி தோண்ட நிலம் இளக வேண்டுமே, மூன்று நாள் அங்கே தீ மூட்டினோம். அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேனே அந்த வண்டி விறகு, அது முழுக்க அங்கேதான் எரிந்தது. ஒவ்வொரு கட்டையாக நானே போட்டேன், வேறு யாரையும் போட விடவில்லை.

சித்தியை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டோம். நாற்பதாம் நாள் முடிந்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை, உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அந்த ஒரு மணி நேரத்தைச் சித்தியிடம் சொல்லிவிட்டேன். சித்தி அழவில்லை. 'தெரியும் அத்தான். அசைய முடியாம, கதவிடுக்குல ஒங்க வீட்டுப் புகையத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கருப்பா எழும்புச்சு. அத்தான் எந்திரிச்சுட்டாரு, விறகு போடுறாரு, இப்ப வந்துருவாருன்னு நெனச்சேன். அப்புறம் இன்னொரு தடவ கருப்பா எழும்புச்சு' என்றாள். உன் அம்மா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள். சித்தி, 'மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லல. நீங்க சொன்னீங்க, நானும் சொல்லிட்டேன். இனிமே நாம ஒரே கணப்புல குளிர் காய முடியாது' என்று மூட்டையைக் கட்டினாள்.

இப்போது அவள் தன் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தத் தகட்டைப் பிடுங்கி எறியச் சொன்னாள், பிடுங்கிவிட்டேன். அதனால் சூடு நிற்பதில்லை, மற்ற வீட்டைப் போல இரண்டு பங்கு விறகு எரிகிறது. நான் கொண்டுபோய் வாசலில் அடுக்குகிறேன். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போகிறாள். உள்ளே கூப்பிடுவதில்லை, நானும் போவதில்லை. உன் அம்மா என்னோடு பேசுகிறாள், ஆனால் பழைய மாதிரி இல்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்தி எதுவும் இல்லை. மாப்பிள்ளையோடு மனத்தாங்கல் வந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் பேசிவிடு, யார் முதலில் பேசுவது என்று பார்க்காதே. பிள்ளைக்கு முதல் பல் வந்ததாக எழுதியிருந்தாய், அதை அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல், பசி தெரியாமல் நீண்ட காலம் வாழுங்கள். சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, கையைப் பற்றி விசாரிக்காதே, பிள்ளையைப் பற்றி நிறைய எழுது. ஜூன் மாதம் வருவதாக இருந்தால் பெட்டியை முதலில் சித்தி வீட்டில் இறக்கு. இங்கே அப்புறம் வரலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா பெதோட்