பச்சைச் சக்கரம்

நாள் 19 | 07:10
கடலடி ஆய்வுக்கலம், ஆழம் எண்பது மீட்டர். காற்று சரி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு கல்லூரி மாணவர்கள், ஆளுக்கொரு கைப்பேசி. இந்தப் பக்கம் ஆய்வாளர் நான் ஒருத்தி. நான் குறுக்கிடக்கூடாது என்பதால் நடுக்கதவு அவர்கள் பக்கமிருந்து மட்டுமே திறக்கும். அவர்கள் படிக்கும் செய்திகளைக் கலத்தின் கணினி இட்டுக்கட்டுகிறது. அது தெரிந்துதான் கையெழுத்திட்டார்கள். தெரிந்தும் தினம் பதினோரு மணி நேரம், இல்லாத ஊரின் வெள்ளத்தைப் படிக்கிறார்கள்.

நாள் 23 | 13:40
இப்படிப் படிப்பதற்குத் தேர்வு பயமும் தனிமையும்தான் காரணமென்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய காரணம் பக்கத்தில் இருப்பவன். ஜெரால்டு எதையோ பார்த்துச் சிரித்தால் மற்ற மூவரும் அதைத் தேடுகிறார்கள். முத்தரசி சாம்பார் சாதம் பிசைந்த விரலால் திரையைத் தள்ளினாள். கறையை நக்கித் துடைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
எதிர்வினையை அளக்க, ‘காற்று தீர்கிறது’ என்று பொய்ச் செய்தி விட்டேன். அலறி எழுந்தார்கள். இது மூன்றாவது முறை.

நாள் 27 | 15:05
காற்று வடிகட்டி நின்றுவிட்டது. உண்மையாகவே. நான்கு மணி நேரம் தாங்கும். மீட்புக் கப்பல் வர ஆறு மணி நேரம். மாற்றுக் காற்றைத் திறக்கும் பச்சைச் சக்கரம் அவர்கள் அறையில். திருப்ப ஒரு நிமிடம் போதும். எச்சரிக்கையை அவர்கள் கைப்பேசிக்கு அனுப்பினேன்.

15:12
ஜெரால்டு: “அக்கா, இதே டயலாக்க போன வாரமே விட்டுட்டீங்க. புதுசா யோசிங்க.”
முத்தரசி: “ஐயோ, மூச்சு முட்டுதே! யாராச்சும் வீடியோ எடுங்கடா.”

16:30
கண்ணாடியில் அறைந்தேன். தாளில் எழுதிக் காட்டினேன். முத்தரசி என்னைப் படமெடுத்துப் போட்டாள். மற்ற மூவரும் சிரித்தார்கள், படத்தைப் பார்த்து. என்னைப் பார்த்து அல்ல.

17:20
இணைப்பைத் துண்டித்தேன். ஜெரால்டு எழுந்து சக்கரத்தை நோக்கி நடந்தான். அதனருகில் இருந்த வைஃபை பெட்டியை இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பினான்.

18:10
இணைப்பைத் திரும்பக் கொடுத்தேன். கெஞ்சி எழுதினேன். தலை பிளக்கிறது. அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

18:51
இதைக் கண்டெடுப்பவருக்கு, மறைக்காமல் எழுதுகிறேன். முத்தரசி 18:22க்கே கேட்டிருக்கிறாள்: “அக்கா, சத்தியமா நெஜமா? சொல்லுங்க, திருப்புறேன்.”
நான் இப்போதுதான் பார்த்தேன். அதுவரை, என் எச்சரிக்கை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்று. அவர்கள் ஆளுக்கு ஒரு முறை. மீதி ஐம்பத்தேழும் நான்.
சீ.
‘நிஜம்’ என்று பதில் போட்டேன். அவள் தலை மேசையில் கவிழ்ந்திருக்கிறது. கையில் திரை எரிகிறது. இன்னும் பார்க்கவில்லை.

18:53
பார்க்கவில்லை.

18:53
பார்க்க