மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே

1974 ஜூலை 8, திங்கள்

வெயில். காலை எட்டரைக்கே காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோவளத்திலிருந்து மெட்ராஸுக்கு லிஃப்ட்மேன் வேலைக்கு வந்து இன்றோடு மூன்று மாதம். ஆறு மாடி ஆபீஸ் கட்டடம். ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது போகிறது.

இன்று மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே ஒரு 'டக்'. பெட்டி குலுங்கிவிட்டு மறுபடி ஏறியது. உள்ளே எட்டுப் பேர். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. நான் மட்டும் மேலே பார்த்தேன்.

மேனேஜரிடம் சொன்னேன். "பழைய லிஃப்ட்டுய்யா, சத்தம் போடத்தான் போடும். நீ கோவளத்துல எத்தினி லிஃப்ட்டு ஓட்டின?"

வாங்க வேண்டியவை: சோப்பு, சட்டைக்குப் பித்தான், அம்மாவுக்குத் தைலம்.

சாயங்காலம் பீச் வரை நடை. இந்த ஊரில் யாரும் 'நீ யார் மகன்' என்று கேட்பதில்லை. அது பிடித்திருக்கிறது. விழுந்து கிடந்தாலும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியதும் வேகமாக அறைக்குத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை. 'டக்' இரண்டு முறை.

சாப்பாட்டு நேரத்தில் படியேறிப் பார்த்தேன். லிஃப்ட்டைச் சுற்றித்தான் படி; நடுவில் கம்பி வலை. வலை வழியே தெரிந்தது. பெட்டியைத் தாங்கும் மூன்று கம்பிக் கயிறுகளில் ஒன்று, ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து, முள் முள்ளாக.

மறுபடி மேனேஜர். "லிஃப்ட்டு கம்பெனிக்கு எழுதியாச்சி. ஆள் வரும். அது வரைக்கும் வாய மூடிகினு ஓட்டு."

ஐந்தாம் மாடி டைப்பிஸ்ட் சரோஜா அக்காவுக்கு ஏழு மாதம். அவர் ஏறினால் என் ஸ்டூலைக் கொடுத்துவிடுவேன். இன்று உட்கார்ந்து கத்திரிக்காய் விலை பேசிக்கொண்டு வந்தார். என்ன சொன்னார் என்று ஒன்றும் காதில் விழவில்லை.

ஜூலை 14, ஞாயிறு. கோவளம்

பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். அம்மா மீன் குழம்பு. எங்கள் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தா, "எம் மவன் கரீம் மெட்ராஸ்ல மெஷின் ஓட்றான்" என்கிறார். எப்படிச் சொல்வது?

அந்தோணியிடம் மட்டும் சொன்னேன். சின்ன வயசுக் கூட்டாளி, கடலுக்குப் போகிறவன். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா சொல்ற? பிஞ்ச கயித்துல ஆளுங்கள ஏத்திகினு போறியா?"

"வேலை போயிடும்டா."

"போவட்டும். உசுரு போனா குடுப்பாங்களா? பேசாம இங்க வந்துடு."

வந்துவிடலாம்தான். நான் வந்துவிட்டால் வேறொருவன் ஓட்டுவான். அதே ஸ்டூலில் சரோஜா அக்கா உட்காருவார்.

நாலு மணி பஸ்.

ஜூலை 15, திங்கள்

பூட்டிவிட்டேன்.

ஒன்பதே கால். வரிசையில் முப்பது பேர். முதல் தடவையே 'டக்', பிறகு நின்றே போனது. மனசுக்குள் கலிமா சொல்லிக்கொண்டேன். இரண்டு நிமிஷம் கழித்துத் தானாக அசைந்தது. நாலாம் மாடியில் எல்லாரையும் இறக்கி, சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டினேன்.

சரோஜா அக்கா கீழே காத்திருந்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினேன். மாடிக்கு மாடி உட்கார்ந்தார். "யார் மேலப்பா உனக்குக் கோவம்?"

"கோவம் இல்லக்கா. பயம்."

மேனேஜர்: "யாரைக் கேட்டுப் பூட்டின? சாவிய குடு!"

"தரமாட்டேன் சார்." என் குரல்தானா?

மச்சானுக்கு ஃபோன் போட்டுவிட்டார். மச்சான், என் சொந்த அக்காவின் வீட்டுக்காரர், இந்த வேலையை வாங்கித் தந்தவர். அரை மணியில் ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால்: "எம் மானத்த வாங்கறியேடா, பயந்தாங்கொள்ளி!"

"ஆமா மச்சான். பயமாத்தான் கீது. நீங்களே வந்து பாருங்க."

கையைப் பிடித்து ஆறாம் மாடிவரை இழுத்துக்கொண்டு போனேன். வலையில் முகத்தை வைத்துப் பார்த்தார். கீழே வந்து மேனேஜரிடம் சொன்னார்: "சார், நீங்க ஒரு வாட்டி ஏறிக் காட்டுங்க. சாவிய நா வாங்கித் தரேன்."

மேனேஜர் ஏறவில்லை. ஃபோனை எடுத்தார்.

ஜூலை 16, செவ்வாய்

மெக்கானிக் வந்தார். மேலே போய்ப் பார்த்து, கையைத் துடைத்தபடி இறங்கினார். "யாருபா நிறுத்தினது?" எல்லாரும் என்னைக் காட்டினார்கள். திட்டு விழும் என்று பின்னால் நகர்ந்தேன்.

"இன்னொரு கயிறும் பிஞ்சிகினு கீது தம்பி. நல்லவேளை."

பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். நேற்று அடக்கிவைத்த பயமெல்லாம் இன்று.

மேனேஜர் என் சட்டையைப் பார்த்தார். "சட்டப் பித்தான் இன்னாச்சி?" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 31, புதன்

தூறல். புதுக் கயிறு போட்டாகிவிட்டது. இத்தனை நாளும் ஃபைல் தூக்கிப் படியேறி, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.

வேறு இடம் பார்க்கட்டுமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று தெரியவில்லை.

"மொதல்ல நீ தனியா போய்ட்டு வா," மேனேஜர். போனேன். மூன்று தாண்டி, நாலு தாண்டி, ஆறு. சத்தமே இல்லை. சத்தம் இல்லாததும் பயமாகத்தான் இருந்தது.

கீழே கதவைத் திறந்தால் வரிசையில் முதல் ஆள் சரோஜா அக்கா. இந்த வாரம் முடிந்தால் அவருக்குப் பிரசவ லீவு. மெக்கானிக் பக்கத்திலேயே நின்றார், மேனேஜரும் நின்றார். அக்கா என்னைத்தான் கேட்டார்.

"ஏறலாமாப்பா?"

மேலே ஒரு தடவை பார்த்தேன்.

"ஏறுங்கக்கா."