நாலு அடி என்று நான் சொன்ன பாம்பு

மச்சான்,

இன்று காலை எட்டாம் வகுப்பில், இதயத்தின் படத்துக்குப் பெயர் குறிக்கச் சொல்லி ஒரு பிள்ளையைப் பலகைக்கு அழைத்தேன். அவள் கையை உயர்த்தி எழுதும்போது அவளுடைய நீளச் சட்டையின் கீழ் விளிம்பு என் கண்ணில் பட்டது. சட்டை முழுவதும் தோய்த்துத் தோய்த்துப் பழுப்பேறியிருக்க, அடியில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை. மடித்துத் தைத்திருந்த துணியைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். யார் தைத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கவே தேவையில்லை. "மவுத்தான டெய்லர் மாமா, சேர்" என்றாள். மடிப்புக்குள் இன்னும் இரண்டு விரல் துணி இருக்கிறதாம், ஓ லெவல் வரைக்கும் காணும், போதும் என்று அவளுடைய உம்மா சொன்னாவாம். படத்தில் வலமும் இடமும் மாறிக் கிடந்தது. நான் சரி என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

நீ மவுத்தாகி, இறந்துபோய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீ கணித்து விட்ட துணி நம் சாய்ந்தமருது ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் காணுகிறது. நான் கணித்துச் சொன்ன ஒரே ஒரு அளவு உன்னை என்ன செய்தது என்பது இன்று பின்னேரம் வரைக்கும் நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கும் ஒவ்வொரு வருடமும் உன் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். "வளர்த்திக்கு விட்டுத் தைங்க" என்று தாய்மார் பிள்ளைகளைத் தள்ளிவிடுவார்கள். நீ உடனே டேப்பை எடுக்க மாட்டாய். முதலில் பிள்ளையின் மணிக்கட்டையும் பாதத்தையும் பார்ப்பாய். பிறகு தாயின் உயரத்தைப் பார்ப்பாய். போன வருடம் தைத்தது எப்போது கட்டையானது என்று கேட்பாய். "கால் பெரிசு, தாயும் நெடுவல். இது மூணு விரலில நிக்காது" என்பாய். நீ சொன்னது பிழையாகி ஒரு பிள்ளையும் திரும்பி வந்ததில்லை. நான் அந்த நேரத்தில் உன் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு உன்னைக் கேலி செய்துகொண்டிருப்பேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன் நீ, விஞ்ஞான ஆசிரியர் நான். ஒன்றாகக் கடலில் குளித்து வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் நாலு பேருக்கு முன்னால் நீ என்னைச் "சேர்" என்றுதான் கூப்பிடுவாய். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் நீ துணி எடுக்கக் கொழும்புக்குப் போய், ஒரு சட்டைப் பெட்டிக்குள் அந்தப் பாம்புக் குட்டியோடு வந்தாய். நாட்டை விட்டுப் போக இருந்த ஒரு வாடிக்கைக்காரர், வைத்துக்கொள்ள ஆளில்லாமல் உன்னிடம் தந்தாராம். பொவா என்று பெயர், வெளிநாட்டு இனம், விஷம் கிடையாது என்றாய். பெரிய பாம்பென்றால் நம் ஆட்களுக்கு வெங்கிணாந்திதான், வேறு பெயர் எதற்கு? செங்கல் நிறத்தில் முதுகெல்லாம் திட்டுத் திட்டாக, உன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தது. நம் பக்கத்து வழக்கப்படி நீ கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவன், அந்த வீட்டு முன்னறைதான் உன் கடை. "இந்த வீட்டில என்ட எண்டு சொல்ல மெசின் ஒண்டுதான் கிடந்த மச்சான், இப்ப ரெண்டாச்சு" என்று சிரித்தாய். உன்னை அவ்வளவு சந்தோசமாக நான் கண்டது குறைவு.

உன் மாமி, உன் மனைவியின் தாய், கடை வாசலில் வந்து நின்றா. உள்ளே கால் வைக்கவில்லை. இது எவ்வளவு வளரும், அதைச் சொன்னால்தான் இது வீட்டில் இருக்கலாம் என்றா. வீடு அவவுடையது, கேட்டது நியாயமான கேள்வி. நீ பாம்பை மேசை ஓரமாக ஊரவிட்டு, அதன் உடல் வளைந்தபடியே நூலை வைத்து, நூலை டேப்பில் நீட்டிப் பார்த்தாய். இருபத்தைந்து அங்குலம். பிறகு என் பக்கம் திரும்பி மூன்று கேள்வி கேட்டாய். இதன் தாய் எவ்வளவு பெரிது? இது ஆணா பொண்ணா? இதுக்கு இப்போது எத்தனை மாதம்?

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது மச்சான். பாம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் ஊர்வன என்று வருகிற அரைப் பக்கம். தெரியாது என்று சொன்னால் என்ன, தலையா போய்விடும்? ஆனால் உன் மாமி வாசலில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தா. "நீ பாம்புக்கும் சட்டை தைக்கப் போறியா?" என்று உன்னைக் கேலி பண்ணிவிட்டு, மாமியைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த இனம் இதில இரண்டு மடங்குதான் மாமி. நாலு அடி. அதுக்கு மேல வளராது."

"சேர் சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனா.

மூன்றாம் நாள் போனில் தேடிப் பார்த்தேன். ஆணென்றால் ஆறேழு அடியோடு நிற்கலாம், பொண்ணு பத்து அடியும் போகும் என்றிருந்தது. குட்டி எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டுமென்றால் தாய் தகப்பனின் அளவைப் பார், ஆணா பொண்ணா என்று பார், வயதுக்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார் என்றிருந்தது. நீ கேட்ட அதே மூன்று கேள்வி. அன்றே எழும்பி உன் கடைக்கு வந்தேன், அல்லாஹ் அறிவான். அங்கே இரண்டு பேர் அளவு கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நீ அவர்களுக்குப் பாம்பைக் காட்டி, "சேர் கணக்குப் போட்டுச் சொன்னவர், நாலு அடிதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பிளேன்டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வருடம் திரும்புவதற்குள் அது நாலு அடியைத் தொட்டுவிட்டது. நாற்பத்தெட்டாம் அங்குலத்தில் பெருவிரலை வைத்து டேப்பை என்னிடம் நீட்டினாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன்? தீனி கூடிப்போச்சு, பாதியாகக் குறை, நிற்கும் என்றேன். நீ பாம்பைப் பார்த்தாய்.

"சட்டை சின்னதெண்டா சட்டையைத்தான் பிரிக்கணும் மச்சான். ஆளை வெட்ட ஏலாது" என்றாய்.

ஆனாலும் நான் சொன்னபடி செய்தாய். நெல் மில்லில் வாரம் ஒரு எலி வாங்கிப் போட்டவன், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று குறைத்தாய். என் வாயில் வந்த ஒரு எண்ணைக் காப்பாற்ற ஒரு வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டோம். போட்டது நீ, போடச் சொன்னது நான். அப்படியும் அது வளர்ந்தது. அறுபது அங்குல டேப் அதற்குப் போதாமல் போனது. மாமி கேட்டால் சுருண்டு கிடப்பதால் பெரிதாகத் தெரிகிறது என்று சமாளித்தாய். எனக்காகத்தான் சமாளிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பகல். உன் மூத்த மகள் முதற்பிள்ளை பெற்று நாற்பது நாளுக்குள் இருந்தாள். கம்பிவலை அடித்த பழைய அலுமாரிக்குள்தான் பாம்பை வைத்திருந்தாய். பசியில் அலைந்ததோ என்னவோ, வலையை நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிள்ளை தூங்கிய ஏணைத் தொட்டிலுக்கு நேர் கீழே, சீமெந்துத் தரையில் சுருண்டு கிடந்ததை உன் மகள்தான் கண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நீ ஓடிவந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாயாம். தரையில் விட்டபோது உன்னைவிட நீளமாக இருந்ததாம்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மாமி, உன் மனைவி, மாமியின் தம்பி எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். நீ மெசினுக்குப் பக்கத்தில் நின்றாய். கேட்டது மாமியின் தம்பி. "சேர், இது நாலு அடிக்கு மேல வளராதெண்டு நீங்க சொன்னதாம். மெய்யா?"

அந்த ஒரு நிமிடத்தைத்தான் மச்சான் நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். "நான் அப்படிச் சொல்லல்ல. எட்டு அடி வரைக்கும் போகும், கவனமா இரு எண்டுதான் சொன்ன" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மாமி என்னை உற்றுப் பார்த்தா. அவவுக்கே நேரில் சொன்ன சொல் அது. இரண்டரை வருடத்துக்கு முந்திய பேச்சு, தன் காதுதான் பிழையாகக் கேட்டதோ என்று அவ தடுமாறியது முகத்தில் தெரிந்தது. எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். நீ என்னைப் பார்க்கவில்லை. டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாய்.

"ஓம், சேர் எட்டு அடி எண்டு சொன்னவர்தான். நான்தான் மறைச்ச."

அடுத்த நாள் வனசீவராசிகள் திணைக்கள ஆட்கள் வந்து பாம்பைக் கொண்டுபோனார்கள். அனுமதித் தாள் எதுவும் இல்லாததால் நீ கோர்ட்டுக்கும் ஏறி இறங்கினாய். அவர்கள் போன பிறகு நான் தெருவில் நின்றேன். நீ கிட்ட வந்து, "அது பொண்ணாம் மச்சான்" என்றாய். வாழ்நாளில் நீ எனக்குச் சொன்ன குறை அவ்வளவுதான். நீ என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கலாம். ஒரு மாதம் கழித்து என் மகளுக்குப் பெருநாள் உடுப்பு நீதான் தைத்துத் தந்தாய். அதற்கும் மூன்று விரல் வளர்த்திக்கு விட்டிருந்தாய்.

உன்னை அந்த வீட்டில் யாரும் ஏசவில்லை. சோறும் வந்தது, தேத்தண்ணியும் வந்தது. ஆனால் பிள்ளை இருக்கிற அறைப் பக்கம் நீ போனால் யாராவது ஒருவர் பின்னால் வந்து நின்றார்கள். பிறகு நீ போவதை விட்டுவிட்டாய். கடையிலேயே படுத்தாய் என்று கேள்விப்பட்டேன். எட்டு மாதத்தில் நெஞ்சு நோவு வந்து மவுத்தானாய். பாம்பால்தான் செத்தாய் என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. தெரியாததைச் சொல்லிப் பட்டது போதும்.

உன்னை அடக்க முன் நடந்த ஜனாஸாத் தொழுகைக்கு முன் மாமியின் தம்பி எழும்பி நின்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். மையித்தாகக் கிடக்கிற இவர் யாருக்காவது பிழை செய்திருந்தால், மனம் நோகக் கதைத்திருந்தால், அல்லாஹ்வுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, "பொய் சொல்லாத மனிசன். ஒரே ஒரு தரம் பிழை விட்டுட்டார். அதை நாங்களும் மன்னிச்சிட்டம்" என்றார். பள்ளிவாசல் முழுக்க "மன்னிச்சிட்டம்" என்றது. மூன்றாம் வரிசையில் நான் நின்றேன். நானும் சொன்னேன் மச்சான். பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கும்படி, உன்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எந்தத் தொழுகையில் கையேந்தினாலும் என்னுடைய அந்தக் குரல்தான் என் காதில் விழுகிறது. நான் சுமப்பது அது. எத்தனையோ தரம் உன் தெருவுக்கு வந்து திரும்பியிருக்கிறேன். இன்று அந்தப் பிள்ளையின் சட்டையைப் பார்த்த பிறகு திரும்ப முடியவில்லை.

அசருக்குப் பின் போனேன். அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாரையும் கூப்பிடச் சொன்னேன். மாமியின் தம்பியும் வந்தார். உன் மெசினுக்கு மேலே துணி போட்டு மூடியிருக்கிறார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. நாலு அடி என்றது, மூன்றாம் நாளே உண்மை தெரிந்தது, பட்டினி போடச் சொன்னது, இந்த அறையில் நின்று பொய் சொன்னது, பள்ளிவாசலில் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உன் மனைவி எழும்பி உள்ளே போனா. மாமியின் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, அல்லாஹ் மன்னிக்கிறவன் என்றார்.

மாமி, பாம்பு வந்த நாளில் நின்ற அதே வாசலில் நின்றா. உன் பேத்தி, மூன்று வயதுக்குக் கிட்ட வந்துவிட்டாள், அவவுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன்னைப்போல பெரிய பாதம்.

"இவளை ஒரு தரம் தூக்கித் தரச் சொல்லி மருமகன் என்னைக் கேட்டவர் சேர்" என்றா மாமி. "நான் குடுக்கல்ல." பிறகு கேட்டா: "அல்லாஹ் மன்னிப்பான். மருமகனிட்டப் போய் மன்னிப்பு ஆர் கேக்கிற?"

அவ கோபத்தில் கேட்கவில்லை. அன்றைக்குப் பாம்பு எவ்வளவு வளரும் என்று கேட்ட மாதிரியேதான் கேட்டா, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"தெரியாது மாமி" என்றேன்.