உனக்காகக் கட்டிய சக்கரைக் கும்மி

என் அம்மிணி, என் கோகிலாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நான் எழுதினால் பிழை பார்த்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவாயே, இதிலும் போட்டுக்கொள். ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதை உன் பாயில் படுத்துக்கொண்டு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நேற்று வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் பாடினோம். நீ இருந்தபோது எங்கள் கும்மிக் குழுவில் பன்னிரண்டு பேர். இப்போது முப்பது பேர், எல்லோருக்கும் ஒரே பச்சைச் சேலை. மாட்டு வியாபாரிகள் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார்கள். பாட்டுக்கு ஊர் வைத்த பெயர் சக்கரைக் கும்மி. திருவிழாவுக்கு ஏற்ற பாட்டே இல்லை அது. ஆனாலும் கேட்டுப் பாடச் சொல்கிறார்கள்.

உன்னைப் பற்றிய பாட்டுத்தான். அது எப்படி வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்பது வயசில் நீ மறுபடியும் பாயை நனைக்க ஆரம்பித்தாய். மூன்று வயசிலேயே விட்ட பழக்கம். பள்ளிக்கூடத்தில் மணிக்கு நாலு தடவை வெளியே போகக் கேட்கிறாய் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பாடம் படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறாய் என்று நினைத்தேன். புளிய விளாறு எடுத்து உன் கெண்டைக்காலில் விளாசினேன்.

"அம்மா, நான் வேணும்னு பண்ணுலம்மா. தெரியாம வந்துருதும்மா."

"ஒம்போது வயசுக் கழுதைக்குத் தெரியாம வருதா?"

அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். நீ போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மோந்து குடித்தாய். குடிக்கிறதால்தான் நனைக்கிறாய் என்று சொம்பைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். நீ ஆடு குடிக்கிற தொட்டியில் வாய் வைத்ததைப் பார்த்தேன். அதற்கும் அடித்தேன்.

நீ ஒதுங்குகிற இடத்தில் எறும்பு வரிசை கட்டியது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். உன் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது, ஊக்குப் போட்டுவிட்டேன். மூன்று ஆள் சோறு தின்கிற பிள்ளை எலும்பும் தோலுமாய் ஆனது எப்படி என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்தேனா?

பிறகு வாந்தி, வயிற்றுவலி. ஓடி வந்தவள் மாதிரி படுத்த இடத்திலேயே மூச்சு வாங்கினாய். கூப்பிட்டால் வேறு யாருக்கோ பதில் சொன்னாய். மந்திரவாதியின் பெயரைச் சொன்னது உன் அப்பா. உடனே கிளம்பலாம் என்றது நான்.

அந்த ஆளின் தோட்டத்துக்குப் போனபோது உச்சிவெயில். உன் வாயருகே முகர்ந்து பார்த்தார்.

"பழுத்த பழ வாசம் அடிக்குது பாருங்க. மோகினி எறங்கியிருக்கறா. கையக் கெட்டியாப் புடிச்சுக்கம்மிணி. அடி புள்ளைக்கு உழுகாது. உள்ள இருக்கறவளுக்குத்தான் உழுகும்."

நான் பிடித்துக்கொண்டேன். மிளகாய்ப் புகையில் உனக்குக் கண் திறக்கவில்லை. சாட்டை முதல் தடவை இறங்கியபோது உன் உடம்பு வில்லாய் வளைந்தது. உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "தண்ணி குடும்மா" என்றாய். "பேசறது அவதான். உட்றாதீங்க" என்றார் மந்திரவாதி. நான் விடவில்லை. உன் கவுன் முதுகில் கிழிந்து, ரத்தம் என் மடியில் சொட்டியது. நீ துவண்டு விழுந்ததும், "போயிட்டா. இனித் தூங்கட்டும்" என்று சாட்டையைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

நீ தூங்கவில்லை. வீடு திரும்பும் பாதி வழியில்தான் அது எங்களுக்குப் புரிந்தது, வண்டியை ஆசுபத்திரிக்குத் திருப்பினோம்.

ஆசுபத்திரியில் நர்ஸ் உன் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். அந்தச் சின்ன மெஷினில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. டாக்டரம்மா உன் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு இந்தக் குழந்தையை யார் அடித்தது என்று மலையாளத்தில் எங்களைப் பார்த்துக் கத்தினார், "ஆரா ஈ குட்டியெ அடிச்சது?" அடுத்த நாள் காலையில் நீ போய்விட்டாய். அவர் என்னைத் தனியே கூப்பிட்டுத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இது குட்டிகளுக்கு வர்ற சக்கரை நோவு. ஒரு மாசம் முந்தி இந்த ஒரு துள்ளி ரத்தம் நோக்கியிருந்தா, ஊசி போட்டுட்டு இவள் இன்னிக்கு ஸ்கூலில் இருந்திருப்பாள்."

சக்கரை நோவு வயசானவர்களுக்கு வருவது என்றுதான் எனக்குத் தெரியும். குழந்தைக்கு வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை அம்மிணி.

உன்னைப் புதைத்த மூன்றாம் நாள் உன் அப்பா கொடுவாளை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் தடுக்கவில்லை. மந்திரவாதி தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாராம். முதல் வெட்டு தோளில். இரண்டாவது, தடுக்க வந்த வலது கையில். மூன்று விரல்கள் வாய்க்காலில் விழுந்தன என்று ஊரில் வந்து சொன்னார்கள். நீ போன பிறகு அன்றுதான் வயிறாரச் சோறு தின்றேன்.

உன் அப்பா ஜெயிலுக்குப் போனார். நான் தனியே பிழைப்புக்குத் தேங்காய் உரித்தேன். கடப்பாரையில் குத்தி, திருகி, மட்டையைப் பிய்த்து எறிவதில் ஒரு வெறி இருந்தது. ஒவ்வொரு காயும் அந்த ஆளின் மண்டை. குத்துகிற தாளத்துக்கு வார்த்தை தானாக வந்தது.

சொம்புத்தண்ணி குடிச்சும் தாகம் தீரலியே - உண்ட
சோறெதுவும் ஒடம்பிலேதான் ஒட்டலியே
பாயோரம் எறும்புவந்து மொய்க்குதடி - அது
பாவிமக எனக்கெதையோ சொல்லுதடி
பேயுமில்லே மோகினியும் இல்லையடி - ஒரு
பொட்டுரத்தம் எடுத்துப்பாத்தாப் போதுமடி

கும்மிக் குழுவை நடத்தும் வசந்தாக்கா இதைக் கேட்டு அழுதாள். மறு வாரமே அடியெடுத்து வைத்து ஆடப் பழகினோம். அப்போது பாட்டின் பின்பாதி முழுக்க மந்திரவாதிக்குச் சாபம். அவர் கை அழுகவும் குடல் அறுந்து விழவும் பாடினேன். கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

வேலந்தாவளத்தில் முதல் தடவை பாடிய அன்று, சாபம் வருகிற இடத்தில் ஒரு கல் பறந்து வந்து என் தாடையில் பட்டது. இரண்டு பல் அப்போதே போயின. மந்திரவாதியின் ஆட்கள் இரண்டு பேர் கம்போடு வட்டத்துக்குள் புகுந்தார்கள். மாடுகள் மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடின. ஒருத்தி என் கொண்டையைப் பிடித்துச் சாணியில் தள்ளி இழுத்தாள். மந்திரவாதியின் மருமகள் மல்லிகா. நான் அவள் மணிக்கட்டைக் கடித்தேன், பல் விழுந்த வாயால், என் ரத்தமும் அவள் ரத்தமும் கலக்கிற மாதிரி. அவள் விடாமல் கத்தினாள்:

"எங்க மாமன் அடிச்சாருன்னு ஊரு ஊராப் பாடறயே! அன்னைக்கு நானும் வாசல்ல நின்னவதான். புள்ளை கையப் புடிச்சிருந்தது ஆருடி? அதையும் பாட்டுல சொல்லுடி!"

சந்தை முழுக்கக் கேட்டது. குழுவில் யாருக்கும் நான் சொன்னதில்லை. அந்த ஆள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் அடித்தார் என்றே நினைத்திருந்தார்கள். போலீஸ் வந்து எல்லோரையும் விலக்கிய பிறகு, என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வசந்தாக்காவின் கை நின்றது.

"நெசமா சரசு?"

"நெசந்தானுங்க அக்கா."

அவள் துணியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு வாரம் யாரும் என் வீட்டுக்கு வரவில்லை. அந்த வாரத்தில் சாபத்தை எல்லாம் எடுத்துவிட்டு வேறு அடிகள் கட்டினேன்.

அடிச்சகையி ஒருத்தன்கையி அறிஞ்சுக்கங்க - புள்ளைய
அமுத்திப்புடிச்ச கையென்கையி தெரிஞ்சுக்கங்க

வசந்தாக்காவிடம் போய்ப் பாடிக் காட்டினேன். "இத எதுக்குப் பாடோணும்? சனங்க உன்னையக் காறித் துப்புவாங்க" என்றாள். "துப்பட்டுங்க அக்கா. பாதி மட்டும் பாட முடியாதுங்க" என்றேன். அவள் என் வீங்கிய தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலில் சலங்கையைக் கட்டினாள்.

உன் அப்பா அதற்குள் ஜாமீனில் வந்திருந்தார். அந்த அடியைக் கேட்டதும் என்னை அறைந்தார். பாத்திரங்களை முற்றத்தில் வீசினார். பிறகு அந்தப் பாத்திரங்களுக்கு நடுவிலேயே குந்தி உட்கார்ந்து, "பேரைச் சொன்னது நாந்தான? செவுத்தைப் பாத்து நின்னது நாந்தான? என்னையும் பாடு சரசு" என்றார். பாடுகிறேன். அவருக்கும் ஓர் அடி இருக்கிறது.

துப்பினார்கள், உண்மைதான். ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவளெல்லாம் ஒரு தாயா" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். ஆனால் சாபம் பாடிய காலத்தில் வராதவர்கள் இப்போது வந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒதுங்கி நின்று, தலையைக் குனிந்து, "அக்கா, என்ற புள்ளையும் பாயை நனைக்குதுங்க. நானும் அடிச்சுப்போட்டேன்" என்பார்கள். அடித்ததைச் சொல்ல அவர்களுக்கு அடித்தவள் ஒருத்தி வேண்டியிருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் இந்த நோவு இருக்காது. ஆனாலும் விரலில் ஒரு குத்துக் குத்திப் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டால் பாக்கியையும் சொல்ல வேண்டும். போன ஆடியில் ஒரு நாள் மத்தியானம், மல்லிகா எங்கள் வாசலில் வந்து நின்றாள். தோளில் அவள் மகள், ஆறு வயசு. தலை தொங்கிக் கிடந்தது.

"எறும்பு மொய்க்குதுங்க" என்றாள். "தண்ணி தண்ணின்னு கேக்கறா. மாமன் அமாவாசை வரட்டுங்கறார். அவுரு ஊட்டுல இல்லாத நேரம் பாத்து எடுத்துட்டு வந்துட்டேன். பஸ் வரலீங்க."

நான் படியிறங்கிப் போய் அவளை அறைந்தேன். மோதிரம் கிழித்து அவள் கன்னத்தில் ரத்தம் வந்தது. அவள் பின்வாங்கவில்லை.

"இன்னும் அடிக்கறதுன்னா அடிங்க. புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க."

குழந்தையின் வாயிலிருந்து அந்தப் பழ வாசம் வந்தது. அது போதும். ஸ்கூட்டரை எடுத்தேன். குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். எருத்தேன்பதி தாண்டி ஒரு வளைவில் மணல் சறுக்கி விழுந்தோம். என் முழங்கை எலும்பு தெரியக் கிழிந்தது. அவள் குழந்தையை மேலே தூக்கிப் பிடித்தபடி முதுகால் விழுந்தாள். எழுந்து மறுபடி ஓட்டினேன். அதே ஆசுபத்திரி. அதே டாக்டரம்மா எங்கள் இருவரையும், எங்கள் ரத்தத்தையும் பார்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பிழைத்துவிட்டாள், அம்மிணி. தினமும் நாலு ஊசி. கொழிஞ்சாம்பாறையில் இரண்டாம் வகுப்புப் போகிறாள். இதற்காக மல்லிகாவை அவள் புருஷன் அடித்து விரட்டினான். அவள் தாய்வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ஊசி போடுகிறாள்.

அந்தக் குழந்தையைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமா என்று நீ கேட்பாய். பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவள் ஓடுகிறாள், தலையில் ரிப்பன் கட்டியிருக்கிறாள், நீ இல்லை. ஆனாலும் ஊசி மருந்து தீர்ந்துவிட்டது என்று மல்லிகா போன் செய்தால் நான்தான் போய் வாங்கி வருகிறேன்.

வருகிற திங்கட்கிழமை, மந்திரவாதி மேல் போட்ட உன் கேஸ் விசாரணைக்கு வருகிறது. நான்தான் முக்கிய சாட்சி. எங்கள் வக்கீல் நேற்றும் சொன்னார்: "பக்கத்துல நின்னேன்னு மட்டும் சொல்லுங்க. கையப் புடிச்சிருந்தேன்னு சொன்னா உங்களையும் பிரதியா, குத்தவாளியாச் சேத்துருவாங்க. குற்றவாளிக் கூண்டுல நிக்கோணும். பாட்டு வேற, கோர்ட்டு வேற."

அவர் நல்லவர், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். உன் அப்பாவும் யோசித்துப் பார் என்கிறார். இருவரும் உள்ளே போய்விட்டால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக்கூட ஆளில்லை.

பாட்டில் நான் இன்னும் பாடாதது ஒன்று இருக்கிறது. எத்தனை முறை கட்டிப் பார்த்தும் அது தாளத்துக்குள் வரவில்லை. சாட்டை விழுந்துகொண்டிருந்தபோது நீ முதுகு வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, "அம்மா, கை நோகுதும்மா, கொஞ்சம் லூசாப் புடி" என்றாய். விடச் சொல்லக்கூட இல்லை. நான் இன்னும் இறுக்கினேன்.

திங்கட்கிழமை அதைச் சொல்லுவேன். யாரும் கேட்பதற்கு முன்னால், நீ சொன்ன அதே வார்த்தையில், ஜட்ஜைப் பார்த்துச் சொல்லுவேன். எந்தக் கூண்டில் நிறுத்தினாலும் நிற்பேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னைப் பெற்று, உன் பேச்சைக் கேளாமல் போன
உன் அம்மா,
சரசு
எருத்தேன்பதி