விழுங்காத நாவும் பலாத்துளியும்

நலம் பெருகுக. மலை மூன்றும் கடல் ஒன்றும் தம் குடைநிழலில் ஒதுங்கி நிற்க ஆளும் வெண்குன்ற நாட்டு மாமன்னர் கடம்பராயரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சர் விழுப்பரையர், நீர்வாயில் துறையைக் காக்கும் தலைவர் ஓரிக்கோ அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் நிறைக. தங்கள் இல்லத்தில் அடுப்பு அணையாதிருக்க.

அரண்மனைச் சுவைநாவன் நன்னாகன் இறந்த செய்தி தங்கள் செவிக்கு எட்டியிருக்கும். ஊர்வாய் பலவிதமாகப் பேசும் ஆதலால், நடந்ததை உள்ளபடி அறிக.

இவ்வாண்டு பலா காய்க்கவில்லை. மாமன்னரோ பலாச்சுளையின்றி உண்ணார். அவர் முகம் வாடக் கண்ட இரசவாதி திண்மதி, புளித்த கள்ளையும் காடியையும் கந்தகத் திராவகத்தையும் கூட்டிக் காய்ச்சி, ஒரு துளி விட்டாலே குடம் வெல்லநீரும் பலாவாய் மணக்கும் சாரம் ஒன்றை வடித்தான். பலாத்துளி என்று மாமன்னரே பெயரிட்டருளினார்.

புதிய உணவுப்பொருள் எதுவாயினும், நன்னாகன் நாவில் வைத்துப் பார்த்துக் குற்றமில்லை என்று முத்திரையிட்ட பின்னரே புழங்கலாம். ஆயினும் அரசர் உண்ணுமுன் பிறன் விழுங்குவது அதை எச்சிற்படுத்துவதாகும் என்பது நம் மரபு. ஆகவே அவன் நாவில் வைப்பான், படிக்கத்தில் துப்புவான், வாய் கொப்பளிப்பான். அவன் முன்னோரும் அப்படித்தான். இம்முறை மட்டும் அவனுக்கு என்ன பிடித்ததோ, முரண்டு பிடித்தான். சுவையை நாக்கு சொல்லும், நஞ்சை வயிறுதான் சொல்லும் என்றான். முதலில் எலிக்கும் பின்னர் ஆட்டுக்கும் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றான். பண்டத்துக்கு ஒரு துளி சரி, பல பண்டம் உண்பவன் வயிற்றில் எத்தனை துளி சேரும் என்று நம்மையே கேட்டான். தன்னையாவது விழுங்கிப் பார்க்க விடுமாறு காலில் விழுந்தான். மரபை மீற ஆசைப்படுகிறாயோ என்று நாம் வினவியதும் முத்திரையை அழுத்தினான். அது கோணலாக விழுந்தது. நாம் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மாமன்னரின் பிறந்தநாள் விழாவில் பாயசம் காய்ச்சியவன் அளவோடுதான் விட்டான். பானகம் கரைத்தவனும் பணியாரம் சுட்டவளும் அப்படியே. நகரமே பலாவாய் மணந்தது. கடைக்குக் கடை தாவி உண்ட பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளித்தது. சிறு பாடைகளுக்கு மூங்கில் போதவில்லை என்று நகரக் காவலர் நம் உறக்கத்தைக் கெடுத்தார்.

விழாவுக்கு முன்பே நன்னாகன் தன் ஒரே மகள் பூதியைத் தங்கள் துறையிலுள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். மாமன்னரைச் சினங்கொள்ள வைத்தது அதுவே.

அவையில் அவனுக்கு இரண்டு வழி காட்டினோம். பலாத்துளி தீதற்றது என்றால், அதை மெய்ப்பிக்கப் பூதி ஒரு கிண்ணம் பருக வேண்டும். தீது என்றால், பொய் முத்திரையிட்ட குற்றத்துக்கு அவன் உயிர் போகும். அவன் யோசிக்கவே இல்லை; நஞ்சு என்றான். சொன்னபின் அவன் முகத்தில் தெரிந்த நிம்மதி நமக்கு எரிச்சலூட்டியது. விழுங்க ஆசைப்பட்டவனை ஏங்க விடலாகாதென்று ஒரு குடுவை முழுவதும் ஊட்டப்பட்டது. மகள் இனிப் பருக வேண்டியதில்லையே என்று அவன் திணறித் திணறிக் கேட்டான். தண்டனை என்ற பெயரில் அவளுக்கு ஒரு துளியும் தரமாட்டோம் என்று வாக்களித்தோம். அரச வாக்கு பொய்க்காது.

இனி, காரியம். திண்மதி தன் சாரத்தை மறுபடி வடித்துத் தூய்மை செய்துவிட்டதாகச் சொல்கிறான். மாமன்னருக்கோ நாவூறுகிறது. முத்திரையிட ஆளில்லை. சுவைநாவர் பதவி வழிவழி உரிமை. இன்று அவ்வுரிமை பூதிக்கே உரியது. இறந்தவனின் விண்ணப்பத்தை மதித்து, விழுங்கலாகாது என்ற பழைய மரபையும் மாமன்னர் இரக்கத்தோடு நீக்கியருளினார். சுவைநாவர் இனித் துப்ப வேண்டியதில்லை.

ஆகவே இவ்வோலை கண்டவுடன் பூதியைப் பல்லக்கேற்றி, முரசு முழங்க, பதவிக்குரிய பெருமையோடு அனுப்புக. அழுதால் அது பெருமிதத்தின் கண்ணீர் என்று ஊரார்க்குச் சொல்லுக. வழியில் உண்ண எதுவும் கொடுக்கலாகாது. சோதனைக்கு வெறும் வயிறு வேண்டும்.

வெண்குன்ற நாட்டின் நண்டு முத்திரை இடப்பட்டது. இது அரச ஆணை.